கல்யாண டிவிடியிலிருந்து தொலைக்காட்சிக்கு: மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக் – ஒரு பயன்பாட்டு மதிப்புரை

எங்கள் வீட்டில் இன்றும் கல்யாண வீடியோவுக்குப் பெயர் ‘கேசட்’தான். வி.எச்.எஸ். நாடா போய் விசிடி வந்து, விசிடி போய் டிவிடி வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும், “அக்கா கல்யாண கேசட்டைப் போடு” என்றுதான் அம்மா கேட்பார். சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவர் அப்படிக் கேட்டபோது, எங்கள் பழைய டிவிடி பிளேயர் வட்டை உள்ளே இழுத்துக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டது. திருப்புளியால் மூடியைக் கழற்றி வட்டை மீட்டேன். புதிய பிளேயர் ஒன்று வாங்கலாமா என்று யோசித்தபோதுதான், பழுதானது கருவி மட்டும் அன்று, வட்டுகளும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன என்பது கண்ணில் பட்டது. மணமக்களின் படம் அச்சிட்டு மேலே ஒட்டியிருந்த வட்டக் காகிதம் ஓரத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பியிருந்தது. அதை உரித்தால் கீழேயுள்ள வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிடுமோ என்று தொடவே அச்சமாக இருந்தது.

அலமாரியில் இருந்தவை மொத்தம் 14 வட்டுகள். 2006இல் நடந்த அக்காவின் திருமணம் இரண்டு டிவிடிகள், 2009இல் தாத்தாவின் சதாபிஷேகம், 2011இல் அக்கா மகனின் காதுகுத்து, இடையில் ஒரு புதுமனை புகுவிழா, இரண்டு வளைகாப்பு எனப் பதினொரு டிவிடிகள். மீதி மூன்றும் சின்ன அத்தையின் 1994ஆம் ஆண்டுத் திருமணம். அது அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்காரர்கள் தோளில் சுமந்த வி.எச்.எஸ். கேமராவில் எடுக்கப்பட்டு, பிற்பாடு விசிடிகளாக மாற்றப்பட்டது. இவற்றை எல்லாம் கோப்புகளாக மாற்றி, ஒரு பென் டிரைவில் இட்டு, அம்மா ரிமோட்டை வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்பதுதான் தேவை.

முதலில் நான் போனது கடைக்குத்தான். ‘பழைய டிவிடி, விசிடி பென் டிரைவில் மாற்றித் தரப்படும்’ என்று பலகை வைத்திருந்த ஒரு ஸ்டுடியோவில், சோதனைக்காகக் காதுகுத்து வட்டை மட்டும் கொடுத்தேன். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், எல்லோரும் ஒரு சுற்று பருத்திருந்தார்கள். நான்குக்கு மூன்று என்னும் விகிதத்தில் எடுக்கப்பட்ட படத்தை அகலத்திரைக்கு நிரப்ப வேண்டும் என்று பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். யாராவது கையை அசைத்தால் கையின் விளிம்பில் சீப்புப் பல்லைப் போலக் கோடுகள் தெரிந்தன. முடிவில் கடையின் தொலைபேசி எண் பத்து வினாடி ஓடியது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்கும் நூறு வட்டுகளில் என்னுடையதும் ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான். ஆனால் அந்தச் சீப்புக் கோடுகள் கோப்புக்குள்ளேயே பதிந்துவிட்டால் பிறகு அவற்றை முறையாக எடுக்க வழியில்லை என்பதால், மீதி வட்டுகளை அங்கே கொடுக்க மனம் வரவில்லை.

அதன் பிறகு வெளியே இணைக்கும் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி, மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக் ஆகிய இரண்டு மென்பொருள்களை வைத்து ஏறத்தாழ ஐந்து வாரம் இரவு நேரங்களில் வேலை பார்த்தேன். இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குபவை. ஹேண்ட்பிரேக் முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருள். மேக்எம்கேவி அப்படியன்று, ஆயினும் டிவிடிகளைத் திறக்கும் வசதி அதில் எப்போதும் இலவசம் என்று தயாரிப்பாளர்களே அறிவித்திருக்கிறார்கள். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டு வட்டுகளுக்கு இவ்விரண்டும் போதும். ஆனால் இரண்டையும் ஒரே வேலைக்கான மாற்றுகளாக நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் தவறு செய்கிறார்கள். மேக்எம்கேவி வட்டில் உள்ளதைக் காப்பாற்றுகிறது. ஹேண்ட்பிரேக் அதைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி சமைத்துத் தருகிறது. நெல்லைச் சேமிப்பதும் சோறு வடிப்பதும் வேறு வேறு வேலைகள்.

வட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். கல்யாண டிவிடியைக் கணினியில் திறந்தால் ‘வீடியோ_டிஎஸ்’ என்றொரு கோப்புறை இருக்கும். அதற்குள் விஓபி என்று முடியும் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மிகாமல், வரிசை எண்ணோடு கிடக்கும். பலர் இந்த விஓபி கோப்புகளை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துத் தொலைக்காட்சியில் சொருகிப் பார்க்கிறார்கள். சில தொலைக்காட்சிகள் அவற்றை ஏற்பதே இல்லை. ஏற்பவையும் ஒவ்வொரு ஜிபி முடிந்ததும் நின்றுவிடுகின்றன. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு நடுவே படம் நின்று கோப்புப் பட்டியல் வந்தால் பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்? எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு, எங்கே அத்தியாயம் பிரிகிறது என்னும் கணக்கெல்லாம் ஐஎஃப்ஓ என்னும் சிறு கோப்புகளில் தனியே இருக்கிறது. அதைப் படித்துத் துண்டுகளைச் சரியான வரிசையில் தைத்து, படத்தையும் ஒலியையும் துளியும் மாற்றாமல் ஒரே எம்கேவி கோப்பாக்கித் தருவதுதான் மேக்எம்கேவியின் வேலை.

அதைப் பயன்படுத்துவதில் கற்றுக்கொள்ளப் பெரிதாக எதுவுமில்லை. வட்டைப் போட்டால் பெரிய டிரைவ் படம் ஒன்று தோன்றும், அதை அழுத்தினால் வட்டிலுள்ள ‘டைட்டில்’கள், அதாவது தனித்தனிப் படப் பகுதிகள், பட்டியலாக வரும், வேண்டியதைக் குறித்துக்கொண்டு சேமிக்கச் சொன்னால் போதும். மறுகுறியாக்கம், அதாவது படத்தை மறுபடி சுருக்கிப் பதியும் வேலை, எதுவும் இல்லாததால் டிரைவ் படிக்கிற வேகத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. கீறலில்லாத வட்டு ஒன்றுக்கு எனக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஆயிற்று. கவனிக்க வேண்டிய அமைப்பு ஒன்றே ஒன்று. 120 வினாடிக்குக் குறைவான டைட்டில்களை இம்மென்பொருள் இயல்பாகவே விட்டுவிடும். திரைப்பட வட்டுகளில் வரும் விளம்பரத் துணுக்குகளைத் தவிர்க்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டு சென்டிமீட்டர் சிறு வட்டில் நேரடியாகப் பதியும் கேமராக்கள் ஒரு காலத்தில் வந்தனவே, அவற்றில் எடுத்த வட்டுகளில் குழந்தை முதலடி எடுத்து வைப்பது நாற்பது வினாடிதான் இருக்கும். அந்த வரம்பை அமைப்புகளில் போய்க் குறைத்துக்கொள்ளாவிட்டால், அப்படியொரு காட்சி வட்டில் இருந்ததே தெரியாமல் போய்விடும்.

எம்கேவியாக மாற்றும்போது இழப்பது ஒன்று உண்டு; அதுதான் மெனு. பூக்கள் மிதக்க, இதய வடிவச் சட்டத்துக்குள் மணமக்கள் சிரிக்க, ‘முகூர்த்தம்’, ‘வரவேற்பு’ என்று பொத்தான்கள் மின்ன, பின்னணியில் ஏதோ ஒரு திரைப்பாட்டின் முதல் நான்கு வரி திரும்பத் திரும்ப ஒலிக்கும் அந்த முகப்புப் பக்கத்தைப் பார்த்து ஒரு காலத்தில் நான் சலித்துக்கொண்டது உண்டு. இப்போது அதுவும் அந்த ஆண்டின் ஆவணம் என்று தோன்றுகிறது. எனவே ஒவ்வொரு வட்டையும் முதலில் ஐஎஸ்ஓ என்னும் முழு வட்டுப் பிரதியாக எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஐஎஸ்ஓவையே மேக்எம்கேவியில் திறந்தேன். விஎல்சி என்னும் வீடியோ பிளேயர் மென்பொருளில் ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்தால் மெனுவோடு பழையபடியே ஓடுகிறது. பதினொரு டிவிடிகளுக்கும் சேர்த்து 50 ஜிபி கூட ஆகவில்லை. இன்றைய ஹார்டு டிஸ்கில் இது ஒரு மூலைக்குக் காணாது.

அப்படியானால் எம்கேவியையே பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கலாமே என்று கேட்கலாம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். இரண்டு தடைகள் வந்தன. ஒரு பக்க, ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பார்கள். கணினி அதை 4.37 என்று காட்டும். பழைய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டவை. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. நிறையப் பதிந்த கல்யாண வட்டு மிகச் சரியாக அந்த வேலியில் வந்து முட்டிக்கொள்கிறது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தடை தீரும், தொலைக்காட்சி அதைப் படிக்குமானால்.

இரண்டாவது தடைதான் பெரியது. கடைக்காரர் கோப்பில் கண்ட சீப்புக் கோடுகளின் மூலமும் அதுவே. நம் நாட்டில் பின்பற்றப்பட்ட ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில், டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டகங்கள், அதாவது 25 தனிப் படங்கள். ஆனால் வீடியோ கேமரா ஒவ்வொரு சட்டகத்தையும் ஒரே நொடிப்பொழுதில் எடுப்பதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகளை அதற்கு ஐம்பதில் ஒரு வினாடி கழித்தும் எடுத்து இரண்டையும் ஒரே சட்டகத்தில் பின்னிவைக்கிறது. இதைத்தான் இன்டர்லேஸ் என்கிறோம். படக்குழாய் கொண்ட பழைய குமிழ்த் திரைத் தொலைக்காட்சிகள் படத்தை அதே முறையில் வரைந்ததால் அன்று எதுவும் தெரியவில்லை. இன்றைய தட்டைத் திரை எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. அந்த ஐம்பதில் ஒரு வினாடிக்குள் தவில்காரரின் கை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு தூரத்துக்கு விளிம்பு பற்களாகப் பிரிந்து நிற்கிறது. டிவிடி பிளேயரும் விஎல்சியும் இந்தப் பின்னலைத் தாமே பிரித்துக் காட்டிவிடும். தொலைக்காட்சிக்குள் இருக்கும் யுஎஸ்பி பிளேயர் அதைச் செய்யும் என்று நம்பி இருக்க முடியாது.

இங்கேதான் ஹேண்ட்பிரேக் தன் இடத்தைப் பிடிக்கிறது. 2003இல் பிஓஎஸ் என்னும், இன்று பெரும்பாலோர் மறந்துவிட்ட இயங்குதளத்துக்காக ஒருவர் தனியாகத் தொடங்கிய இந்த மென்பொருள், 2016 டிசம்பரில்தான் 1.0 என்னும் பதிப்பு எண்ணை எட்டியது. பதின்மூன்று ஆண்டுகள் அவசரப்படாமல் வளர்ந்ததன் பக்குவம் அதில் தெரிகிறது. வணிகத் திரைப்பட வட்டுகளின் பூட்டை இது திறக்காது. வீட்டு வட்டுகளுக்குப் பூட்டே கிடையாது என்பதால் நமக்கு அது பொருட்டில்லை. ஆனால் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் படத்தை எப்போதும் மறுகுறியாக்கம் செய்தே தரும். உள்ளது உள்ளபடி எடுத்துத் தரும் வழி அதில் இல்லை. எனவே அதிலிருந்து வரும் கோப்பைப் பார்ப்பதற்கான பிரதியாகக் கொள்ள வேண்டுமே தவிர, அதை மட்டும் வைத்துக்கொண்டு வட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பதிவிறக்குபவர்கள் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. 2017 மே மாதத்தில் அதன் பதிவிறக்கக் கணினிகளுள் ஒன்று ஊடுருவப்பட்டு, மேக் பதிப்பில் நச்சுநிரல் ஒட்டப்பட்டிருந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். குழுவினர் அதைத் தாமே அறிவித்து எச்சரித்தார்கள்.

ஹேண்ட்பிரேக்கைத் திறந்தால் முதல் பார்வையில் மிரட்சிதான் ஏற்படும். ஏழெட்டு தாவல்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அமைப்புகள். அவற்றில் நம் வேலைக்கு உண்மையில் தேவையானவை நான்குதான். ‘ஃபாஸ்ட் 576பி25’ என்னும் முன்னமைப்பைத் தேர்ந்துகொண்டு தொடங்கினால் பெரும்பகுதி தானாக அமைந்துவிடுகிறது. ஆனால் கல்யாண வீடியோவுக்கு அதை அப்படியே விடக் கூடாது. ஃபில்டர்ஸ் என்னும் தாவலில், பின்னலைப் பிரிக்கும் டிஇன்டர்லேஸ் முறையை ‘யாடிஃப்’ என்றும் அதன் வகையை ‘பாப்’ என்றும் மாற்ற வேண்டும். வெறும் டிஇன்டர்லேஸ் இரண்டு பாதிகளையும் கலந்து வினாடிக்கு 25 சட்டகம் தரும். பாப் முறையோ ஒவ்வொரு பாதியையும் தனிச் சட்டகமாக நிரப்பி 50 தரும். நடனமும் ஊர்வலமும் நாதஸ்வரக்காரரின் விரல்களும் அன்று குமிழ்த் திரையில் ஓடிய அதே வழுவழுப்போடு ஓடுவது இந்த 50இல்தான். முதல் வட்டில் நான் பாப் என்று மாற்றியும் பயன் தெரியவில்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், அந்த முன்னமைப்பின் பெயரிலேயே 25 என்று இருப்பதைக் கவனித்தேன். வீடியோ தாவலில் சட்டக வேகத்துக்கு 25 என்று உச்சவரம்பு இருந்ததால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டிருந்தது. அதை 50 என்று மாற்றியதும் சரியாயிற்று. இந்த ஒரு குறிப்புக்காகவே இந்த மதிப்புரையை எழுதலாம் என்று நினைத்தேன்.

அடுத்தது படத்தின் வடிவம். 720க்கு 576 என்பது நான்குக்கு மூன்று விகிதம் அன்று; டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல, சற்றே பக்கவாட்டில் அகன்றவை. ‘இதை இவ்வளவு விரித்துக் காட்டு’ என்னும் குறிப்பு கோப்பில் தனியாக இருக்கும். சில தொலைக்காட்சிகள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. அப்போது முகங்கள் ஒடுங்கித் தெரியும். டைமென்ஷன்ஸ் தாவலில் அனமார்ஃபிக் என்பதை அணைத்துவிட்டு 768க்கு 576 என்று சதுரப் புள்ளிகளாகவே மாற்றிவிட்டால் எந்தத் தொலைக்காட்சியிலும் மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே தெரிவார். தானாக ஓரம் வெட்டும் வசதியை நான் அணைத்துவிட்டேன். வீடியோக்காரர்கள் நாலா பக்கமும் கறுப்பு, சிவப்பு, தங்க நிறச் சட்டங்களைப் போட்டுப் போட்டு எடுத்திருப்பதால், எது ஓரம் எது படம் என்று மென்பொருள் குழம்புவதற்கு இடமுண்டு. நாடாவிலிருந்து மாற்றிய வட்டுகளில் மட்டும், அடிப்பகுதியில் நெளியும் சில வரிகளைக் கையால் வெட்டினேன்.

தரத்துக்கு ஆர்எஃப் என்றோர் எண் இருக்கிறது. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். இந்த அளவுப் படங்களுக்கு 18 முதல் 22 வரை வைத்துக்கொள்ளும்படி ஹேண்ட்பிரேக் ஆவணம் பரிந்துரைக்கிறது. நான் 18 வைத்தேன். படத்துக்கு எச்.264 குறியாக்கம், கோப்புக்கு எம்பி4 வடிவம், ஒலிக்கு ஏஏசி. இந்த மூன்றும் சேர்ந்தால் மறுக்கும் தொலைக்காட்சி அரிது. எச்.265 என்னும் புதியதைத் தேர்ந்தால் கோப்பு இன்னும் சிறுக்கும். ஆனால் உறவினர் வீடுகளிலுள்ள பழைய தொலைக்காட்சிகளில் ஓடாமல் போகலாம் என்பதால் நான் அதைத் தொடவில்லை. முழு வட்டையும் மாற்றுவதற்கு முன், முன்னோட்ட வசதியில் முப்பது வினாடியை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொள்ள முடிவது பெரிய உதவி. ஆரத்தி சுற்றும் காட்சி அதற்கு மிகவும் ஏற்றது: அசைவு, சுடர், சிவப்பு நிறம் மூன்றும் ஒருங்கே இருப்பதால் குறை எதுவாயினும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று மணி நேரத்தை ஒரே கோப்பாகக் கொடுத்தது என் தவறு. தொலைக்காட்சியின் பிளேயருக்கு அத்தியாயக் குறிகள் தெரியவில்லை. முகூர்த்தத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அம்மா ரிமோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு முழுவதையும் கடக்க வேண்டியிருந்தது. ஹேண்ட்பிரேக்கில் அத்தியாய எண்களையோ வினாடிகளையோ குறிப்பிட்டு ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியும். அதன்படி நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், நலங்கு, வரவேற்பு என்று பிரித்து, பெயருக்கு முன்னால் ஆண்டையும் வரிசை எண்ணையும் இட்டேன். எங்கள் தொலைக்காட்சி தமிழ்ப் பெயர்களைச் சரியாகவே காட்டியது. அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் அவை வெறும் கட்டங்களாக வந்தன, எண்கள்தான் கைகொடுத்தன.

இதுவரை சொன்னது நல்ல நிலையில் உள்ள வட்டுகளின் கதை. அக்கா திருமணத்தின் இரண்டாம் வட்டு, அதாவது காகிதம் கிளம்பியிருந்த அந்த வட்டு, வேறு கதை. டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கிப் பதியப்படுவது. ஆகவே வெளி ஓரம் கெட்டால் படத்தின் கடைசிப் பகுதி கெடும். எங்கள் வட்டில் வரவேற்பின் கடைசி இருபது நிமிடங்கள் படிக்கப்படவில்லை. இத்தகைய வட்டை மேக்எம்கேவியிடம் கொடுப்பது பொருந்தாத வேலை. படிக்க முடியாத இடத்தை விடாமல் பிடித்து மீட்பதற்கு அது செய்யப்படவில்லை. அதற்கென்றே உள்ளது குனு டிடிரெஸ்க்யூ என்னும் கருவி. அழகான முகப்பெல்லாம் கிடையாது, லினக்ஸில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்து, பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது. நடுவில் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம், வேறு டிரைவில் போட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டதில் இருபது நிமிடம் பன்னிரண்டாகக் குறைந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

அதன் கையேட்டைப் புரட்டியபோது ஓர் எடுத்துக்காட்டு கண்ணில் பட்டது. ஒரே வட்டின் பழுதான இரண்டு பிரதிகள் இருந்தால், முதலாவதில் கிடைக்காததை இரண்டாவதிலிருந்து நிரப்பலாம் என்று அதில் இருந்தது. கல்யாண வட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறு உண்டா? ஸ்டுடியோக்காரர் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று எப்போதும் இரண்டு பிரதிகள் போட்டுக் கொடுப்பார். அத்தானிடம் சொல்லி, அவருடைய அம்மாவின் பீரோவிலிருந்து அந்த வட்டை வரவழைத்தேன். அதிலும் கீறல் இருந்தது, ஆனால் நடுவில். இரண்டு வட்டுகளின் மொத்த அளவும் கடைசி இலக்கம் வரை ஒத்திருந்ததால், ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டவை என்று துணிந்து, அதே வரைபடக் கோப்பை வைத்துத் தொடரச் சொன்னேன். பதினோரு நிமிடத்தில் பிழை என்னும் இடத்தில் பூச்சியம் வந்து நின்றது. ஐந்து வாரத்தில் நான் எழுந்து நின்று கைதட்டியது அப்போது ஒரு முறைதான்.

விசிடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேக்எம்கேவி விசிடியைத் தொடாது. வட்டுக்குள் ‘எம்பிஇஜிஏவி’ என்னும் கோப்புறையில் டிஏடி என்று முடியும் கோப்புகள் இருக்கும்; அவை உண்மையில் எம்பெக்-1 வீடியோக்கள்தாம், விஎல்சி அவற்றைத் தயங்காமல் ஓட்டும். விசிடியில் வீடியோவைப் பதியும் முறையில், தகவல் வட்டுகளுக்கு உள்ள கூடுதல் பிழைதிருத்த அடுக்கு இல்லை. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அதை விட்டுவிட்டார்கள். அதனால் சிறு கீறலுக்கே படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சில சமயம் நகலெடுப்பதே பாதியில் நின்றுவிடுகிறது. மூன்றில் இரண்டை முழுதாக எடுத்தேன். மூன்றாவதில் சில காட்சிகள் கட்டங்களாகவே இருக்கின்றன. அத்தைக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

தரத்தை உயர்த்துகிறேன் என்று செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்கள் பலவற்றை நண்பர்கள் பரிந்துரைத்தார்கள். ஒரு 4கே திரையில் இருப்பது 82,94,400 புள்ளிகள். டிவிடியின் ஒரு சட்டகத்தில் இருப்பது 4,14,720. அதாவது ஒவ்வொரு புள்ளியும் இருபதாக விரிய வேண்டும். விசிடியானால் எண்பதுக்கும் மேல். அந்த மீதிப் பத்தொன்பதை மென்பொருள் எங்கிருந்தாவது கற்பனை செய்துதான் நிரப்பியாக வேண்டும். சோதனைக்காக ஒன்றை ஓட்டியதில் மண்டபத் தூண்களும் வாழைமரமும் பளிச்சென்று வந்தன. பாட்டியின் முகம் மெழுகுப் பொம்மையானது. சுருக்கங்களைத்தான் அது முதலில் துடைத்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அந்தச் சுருக்கங்கள்.

யூடியூபில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். நம் கல்யாண வீடியோக்களில் முக்கால்வாசி நேரம் ஒலிப்பது திரைப்பாட்டு. காப்புரிமைக் கோரிக்கை வராமல் இருந்தால்தான் வியப்பு. அந்தப் பாட்டுகளின் மேல் எனக்கு வேறு ஒரு வருத்தமும் உண்டு. சதாபிஷேக வட்டில் தாத்தா ஒலிபெருக்கியைப் பிடித்து நான்கு நிமிடம் பேசுகிறார். வீடியோக்காரர் அதன் மேல் ஒரு பாட்டை ஓடவிட்டிருக்கிறார். உதடு அசைகிறது, குரல் இல்லை. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

இந்த வேலையை யார் செய்யலாம் என்றால், கணினியில் கோப்புகளை நகலெடுக்கத் தெரிந்த எவரும் மேக்எம்கேவி வரை போகலாம். ஹேண்ட்பிரேக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொறுமை வேண்டும். என் ஆறு ஆண்டுப் பழைய மடிக்கணினியில் ஒரு மணி நேரப் படத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று, வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம். டிடிரெஸ்க்யூ அளவுக்குப் போக விருப்பமில்லாதவர்கள் கடையிலேயே கொடுக்கலாம். ஆனால் ‘எம்பி4 வேண்டாம், முதலில் ஐஎஸ்ஓ எடுத்துக் கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அதைப் புரிந்துகொண்டு சரி என்பவர் நல்ல கடைக்காரர். செலவைக் கணக்கிட்டால், டிரைவும் பென் டிரைவும் இரண்டாம் பிரதிக்கான ஹார்டு டிஸ்கும்தான். அந்த ஹார்டு டிஸ்கு இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. இரண்டு பிரதிகளும் ஒரே பீரோவில் இருந்தால் அது ஒரு பிரதிக்குச் சமம்.

அம்மா முகூர்த்தத்தை இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று தெரியவில்லை. ஆனால் அவர் தாலி கட்டும் இடத்தில் நிறுத்துவதில்லை. பந்தியில், இலைக்கு இலை குனிந்து அப்பளம் வைத்துக்கொண்டே போகும் பாட்டி ஒரு கணம் நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கையை வீசுவார். அங்கே நிறுத்துவார். அந்த வீசிய கையின் விளிம்பில் இப்போது கோடுகள் இல்லை.

சம்பந்தி வீட்டு வட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கூடவே எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய், தொலைக்காட்சியில் எங்கே சொருகுவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அத்தானின் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு, காபியைக் கையில் கொடுத்தபடியே அவர் சொன்னார்: “எல்லாம் சரி தம்பி, எங்க வீட்ல டிவிடி பிளேயர் நல்லாத்தான் ஓடுது. அந்தக் கீறல் இல்லாம ஒரு டிவிடியா போட்டுக் குடுத்துருங்களேன்.” வீட்டுக்கு வந்து ஒரு புதிய வெற்று வட்டைத் தேடிப் பிடித்து, பிழையில்லாத அந்த ஐஎஸ்ஓவை விண்டோஸிலேயே உள்ள வசதியால் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை மேலே காகிதம் எதையும் ஒட்டவில்லை; மார்க்கர் பேனாவால் பெயரை மட்டும் எழுதினேன்.